நிறுத்தின விமானமும் மாற்று விமானமும்

இந்த எபிசோட் 1976 அக்டோபர் 12 பற்றி. பம்பாயிலிருந்து மெட்ராஸுக்கு வர வேண்டிய இந்தியன் ஏர்லைன்ஸ் 171. அந்தப் பயணத்துக்கு முதலில் ஒதுக்கியிருந்தது ஒரு போயிங் 737. கிளம்புறதுக்கு முன்னாடியே அதன் எஞ்சினில் கோளாறு தெரிஞ்சுது. ரிஸ்க் எடுக்கவில்லை. அதை நிறுத்திவிட்டு, பதிலுக்கு ஒரு காரவெல் விமானத்தைக் கொண்டுவந்தார்கள். பிரான்சில் செஞ்ச ஜெட், வால் பக்கம் ரெண்டு எஞ்சின்.

இதுவரைக்கும் எல்லாமே சரியான முடிவுதான்.

காரவெல் மேலே எழும்பின கொஞ்ச நேரத்துல வலது எஞ்சின் உடைஞ்சு தீப்பிடிச்சுது. பைலட்டுகள் உடனே பம்பாய்க்கே திருப்பினார்கள். தீயில் ஹைட்ராலிக் எண்ணெய் போச்சு. அதோட கட்டுப்பாடும் போச்சு. ரன்வேயைத் தொடுவதற்கு முன்னால் விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 95 பேரும் இறந்தார்கள். எஞ்சின் கம்ப்ரஸரின் பத்தாவது அடுக்குத் தட்டில் ஒரு விரிசல், அதுதான் காரணம். உலோகம் களைச்சு, தட்டு உடைஞ்சு, உறையைக் கிழிச்சு, எரிபொருள் குழாயை அறுத்துவிட்டது.

சரி, இது கேப்டனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்க முடியுமா?

நான் சேந்தமங்கலத்துக்காரன். எங்க பக்கம் லாரி டிரைவர்கள் வண்டி எடுக்கும் முன்னால் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். சத்தத்தை வச்சே காத்து குறைஞ்சிருக்கான்னு சொல்லிடுவாங்க. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறணும்னா, சும்மாவா? பைலட்டும் இதைத்தான் செய்கிறார். விமானத்தைச் சுற்றி நடந்து டயர், கசிவு, எஞ்சின் வாய் எல்லாம் பார்க்கிறார். டெக் லாகில் முந்தின பைலட் என்ன எழுதியிருக்கார்னு படிக்கிறார். எந்தெந்தப் பாகம் பழுதாக இருந்தாலும் பறக்கலாம் என்பதற்கு எம்.இ.எல். என்று ஒரு பட்டியலே இருக்கு. பட்டியல் சரின்னு சொன்னாலும், கேப்டன் மாட்டேன்னு சொல்லலாம். ஆனால் எஞ்சினுக்குள்ள இருக்கும் தட்டு விரிசலை எந்தத் தட்டலும் காட்டாது. எஞ்சினைப் பிரிச்சு, விரிசலில் ஊறி நிற்கிற சாயத் திரவத்தைத் தடவியோ, ஒலி அலையை அனுப்பியோதான் பார்க்கணும். அது பைலட்டோட வேலை இல்லை, ஒர்க்‌ஷாப்போட வேலை.

ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்கு மியூனிக் தெரியும். 1958 பிப்ரவரி 6, மான்செஸ்டர் யுனைடெட் அணி வந்த விமானம். எஞ்சின் அழுத்தம் ஏறி இறங்கியதால் ரெண்டு தடவை ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். மூணாவது தடவை ரன்வேயிலிருந்த சேற்றுப்பனி வேகத்தைத் தின்னுடுச்சு. 23 பேர் இறந்தார்கள். எல்லாரும் எஞ்சினையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இறக்கையில் ஐஸ் என்று சொல்லி முதலில் கேப்டன் ஜேம்ஸ் தெய்ன் மேல் பழி போட்டார்கள். பிரிட்டிஷ் விசாரணை அவரை விடுவிக்க 1969 ஆச்சு. எனக்கு அந்த 11 வருஷம்தான் உறுத்துது. மூணாவது தடவை போனது சரியா என்பது வேற கேள்வி, அதைக் கேட்கலாம்.

பம்பாயில் அந்தக் கேள்விக்குக்கூட இடமில்லை. சந்தேகப்பட்ட விமானத்தை நிறுத்திட்டாங்க, சந்தேகப்படாதது விழுந்தது.

இறந்தவர்களில் நடிகை ராணி சந்திராவும் ஒருவர். சிவகுமாரோடு அவர் நடித்துக்கொண்டிருந்த ‘பத்ரகாளி’ அப்போ முடியலை. மீதிக் காட்சிகளை அவர் சாயலில் இருந்த இன்னொரு பெண்ணை வச்சு எடுத்து, அந்த டிசம்பரிலேயே படத்தை ரிலீஸ் பண்ணினார்கள்.