காஞ்சிபுரத்து முழங்காலும் செயற்கை மூட்டின் வரலாறும்

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவு குழித்தறியில் வளர்ந்த தொழில். நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு மிதிகளை மாறிமாறி அழுத்துவார். முழங்கால் தேய்ந்தால் குழியில் இறங்கி ஏறுவதும் மிதிப்பதும் கடினமாகி, பிழைப்பே தடைபடும்.

தேய்ந்த முழங்காலுக்குப் பதில் செயற்கை மூட்டைப் பொருத்தும் அறுவை மருத்துவத்தின் தொடக்கம் தோல்வியே. 1890-இல் பெர்லினில் தெமிஸ்டோக்லஸ் குளூக் தந்தத்தாலான கீல்மூட்டைப் பொருத்தினார். கிருமித்தொற்றால் அது நிலைக்கவில்லை. 1950-களின் உலோகக் கீல்கள் முழங்காலின் இயல்பான சுழற்சிக்கு இடம் தராமல் எலும்பிலிருந்து தளர்ந்தன. 1974-இல் நியூயார்க்கில் ஜான் இன்சால், இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத், பீட்டர் வாக்கர் ஆகியோர் வடிவமைத்த முழு மூட்டே இன்றைய மூட்டுகளுக்கு முன்னோடி.

2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, மாற்றிய முழு மூட்டுகளில் சுமார் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் நீடிக்கின்றன. ஆயினும் கிருமித்தொற்று, காலில் இரத்த உறைவு, விறைப்பு, மூட்டுத் தளர்வு, தீராத வலி ஆகியவை சிலருக்கு நேர்கின்றன. தொற்று ஆழமானால் மூட்டை அகற்றி, மருந்து கலந்த சிமெண்ட் வைத்து, பின்னர் புதிய மூட்டைப் பொருத்துவார்கள். மறு அறுவையில் எலும்பு குறைந்திருப்பதால் நீண்ட தண்டுள்ள மூட்டு தேவைப்படும். பலன் முதல் அறுவை அளவுக்கு அமைவதில்லை.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவிலை விதித்தது. வழக்கமான கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை வரி நீங்கலாக 54,720 ரூபாயாகக் குறைந்தது. மறு அறுவை மூட்டுக்கும் வரம்பு வந்தது.