எட்டயபுரத்துச் சுரக் குறியீடும் கணினி இசையெழுத்தும்

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் நிலத்தில் அமைந்த எட்டயபுரம், பாரதியார் பிறந்த ஊர் என்ற அளவிலேயே பெரிதும் பேசப்பெறுகின்றது. இசையை எழுத்தில் பொறித்த வரலாற்றிலும் அவ்வூர்க்குத் தலையாய இடமுண்டு. கணினி மென்பொருளால் இசையை எழுதியும் திருத்தியும் வரும் இந்நாளில், அவ்வரலாறு உணர்த்துவது யாதென ஈண்டு ஆராய்வோம்.

முத்துசாமி தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அவர்தம் தம்பியார் பாலுசாமி தீட்சிதர் அவ்வூர் அரசவைக் கலைஞர். பாலுசாமியாரின் மகள்வயிற்றுப் பேரரும், அவரால் மகவாக ஏற்கப்பெற்றவருமாகிய சுப்பராம தீட்சிதர் (1839–1906) தெலுங்கில் இயற்றிய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் எட்டயபுரத்திலேயே அச்சேறியது. சென்னைச் சங்கீத வித்வத் சபை அதன் தமிழ்ப் பதிப்பை 1961 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது.

இந்நூல் எழுவதற்குத் தூண்டுகோலாய் நின்றோருள் சின்னசாமி முதலியார் ஒருவர். அவர் 1890-களில் நம் இசைப் பாடல்களை ஐரோப்பிய ஐங்கோட்டு முறையில் அச்சிட்டு வந்தவர். சுப்பராமரோ சுர எழுத்துகளையே நிலைக்களனாகக் கொண்டார். மேலும் கீழும் இட்ட புள்ளிகள் தாயியைக் காட்டின. நெளிகோடு கம்பிதத்தையும், ஏறுசாய்கோடும் இறங்குசாய்கோடும் முறையே ஏற்றச் சாருவையும் இறக்கச் சாருவையும் காட்டின. ஐங்கோடு சுரம் நிற்கும் இடத்தைத் தெளிவுறக் காட்டவல்லது. சுரம் அசையும் வகையோ இக்குறிகளில் அடங்கியுள்ளது. இவை அணிகலன் அல்ல. இராகத்தின் உயிர் என்க.

பிற்காலப் பாடற் புத்தகங்கள் பல இக்குறிகளை விடுத்து வெறுஞ்சுரங்களையே அச்சிட்டன. இன்றைய நிலையும் அதனின் பெரிதும் வேறன்று. பரவலாக வழங்கும் இசையெழுது மென்பொருள்கள் ஐங்கோட்டை உளங்கொண்டு அமைந்தவை. ஆதலின் நம்மவர் சுரங்களைச் சாதாரண உரையாகத் தட்டச்சிட்டு, புள்ளியையும் கோட்டையும் அவற்றின்மேல் ஒட்டவைக்கின்றனர். எழுத்துரு மாறின் குறி இடம் பெயரும். சுரத்தைப் பிரதி செய்யின் குறி உடன் வாராதொழியும்.

கமகம் ஆசிரியர் வாய்க்கேட்டே கற்கத்தக்கது, குறி எதற்கு என்பாருளர். அது பெரிதும் உண்மையே. எனினும் வாய்வழி அருகிய உருப்படிகளுக்கு இந்நூலன்றிச் சான்று வேறு யாதுளது?

மற்றொன்றும் கருதத்தக்கது. 1988-இல் தோன்றிய ‘ஃபினாலே’ என்னும் புகழ்பெற்ற மென்பொருளின் வளர்ச்சியை அதன் நிறுவனம் 2024-இல் நிறுத்திவிட்டது. எட்டயபுரத்து அச்சுத்தாளை இன்றும் கண்ணுள்ளார் எவரும் படிக்கலாம். ஒரு மென்பொருளுக்கே உரிய கோப்பு அம்மென்பொருளோடு மறையக்கூடும். ஆகவே கமகக் குறியைச் சுரத்தின் பிரிக்கலாகா உறுப்பாகக் கொண்டு, எம்மென்பொருளும் படிக்கத்தக்க பொது வடிவில் சேமித்தலே நம் கடன். சுப்பராமர் ஈயவெழுத்தில் செய்து காட்டியதனை நாம் மின்னெழுத்தில் தவறவிடலாகாது என்பதே எம் துணிபு.