ஸ்பைடர்-மேன் 3 (2007 திரைப்படம்)

'ஸ்பைடர்-மேன் 3' சாம் ரைமி இயக்கத்தில் 2007 மே மாதம் வெளிவந்த அமெரிக்க சூப்பர் ஹீரோ திரைப்படம். இந்த மார்வெல் சித்திரக்கதை நாயகனை வைத்து ரைமி எடுத்த மூன்று படங்களில் இது கடைசி. டோபி மக்வயர், கிர்ஸ்டன் டன்ஸ்ட், ஜேம்ஸ் பிராங்கோ ஆகியோர் முந்தைய பாகங்களின் வேடங்களிலேயே தொடர்ந்தனர். தாமஸ் ஹேடன் சர்ச், டோஃபர் கிரேஸ், பிரைஸ் டல்லாஸ் ஹவார்ட் ஆகியோர் புதிதாகச் சேர்ந்தனர். உலக அளவில் ஏறத்தாழ 89 கோடி டாலர் ஈட்டிய இப்படம், சூப்பர் ஹீரோ தொடர்பாகங்களில் கடும் கருத்து வேறுபாட்டைக் கிளப்பியவற்றுள் ஒன்று. வில்லன்கள் பெருகிக் கதை சிதறிவிட்டது என்பது ஒரு தரப்பின் வாதம். முதல் படத்தில் தொடங்கிய குற்ற உணர்வின் கதையை மன்னிப்பில் கொண்டுபோய் முடித்த படம் என்பது மறுதரப்பின் வாதம். இரு தரப்பினரும் சான்றாக எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் ஒரே காட்சிகளைத்தான்.

பின்னணி

2002இல் வெளிவந்த முதல் 'ஸ்பைடர்-மேன்' உலகெங்கும் 82 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, இன்றைய சூப்பர் ஹீரோ பட அலைக்கு வழிவகுத்தது. 2004இல் வந்த இரண்டாம் பாகம் காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் விருது பெற்றது. நாயகனின் வீட்டு வாடகைப் பாக்கியையும் காதல் தவிப்பையும் சண்டைக் காட்சிகளுக்கு நிகராக நடத்திய அந்தப் படத்தை, இவ்வகைப் படங்களின் உச்சங்களில் ஒன்றாக விமர்சகர்கள் வைத்தனர். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அதற்கு முழு நான்கு நட்சத்திரங்களும் வழங்கினார். மூன்றாம் பாகத்துக்கு அவர் தந்தது இரண்டு. இந்தப் படம் எதிர்கொண்ட ஏமாற்றத்தில் ஒரு பங்கு அது எந்தப் படத்தை அடுத்து வந்தது என்பதிலிருந்து பிறந்தது.

கதைச் சுருக்கம்

நியூயார்க் நகரமே ஸ்பைடர்-மேனைக் கொண்டாடும் வேளையில், பீட்டர் பார்க்கர் தன் காதலி மேரி ஜேனைத் திருமணம் செய்ய எண்ணுகிறான். அவளோ பிராட்வே மேடையில் கிடைத்த முதல் வாய்ப்பை இழந்து துவண்டிருக்கிறாள். தன் புகழில் மயங்கியிருக்கும் பீட்டர் அதைக் கவனிப்பதில்லை. தந்தையைக் கொன்றவன் பீட்டர்தான் என்று நம்பும் நண்பன் ஹாரி ஆஸ்பார்ன் அவனைத் தாக்கி, தலையில் அடிபட்டு நினைவிழக்கிறான்.

சிறையிலிருந்து தப்பும் பிளின்ட் மார்கோ, ஓர் இயற்பியல் சோதனைக் களத்தில் விழுந்து மணலாய் மாறும் ஆற்றல் பெற்று சாண்ட்மேன் ஆகிறான். நோயுற்ற மகளின் சிகிச்சைக்குப் பணம் தேடுவதே அவன் நோக்கம். பீட்டரின் சித்தப்பா பென்னை உண்மையில் சுட்டவன் இந்த மார்கோதான் என்று காவல்துறை தெரிவிக்கிறது. விண்கல்லோடு வந்த கறுப்பு ஒட்டுயிரி பீட்டரின் உடையில் படிந்து, அவனுடைய ஆற்றலோடு சினத்தையும் செருக்கையும் பெருக்குகிறது. அதை அவன் தேவாலய மணிக்கூண்டில் பிய்த்தெறிகிறான். பீட்டரால் வேலையிழந்த புகைப்படக்காரன் எடி பிராக் மீது அது விழ, வெனம் உருவாகிறான். இறுதிச் சண்டையில் ஹாரி நண்பனைக் காத்து உயிர்விடுகிறான். வெனம் அழிகிறான். மார்கோ நடந்ததைச் சொல்ல, பீட்டர் அவனை மன்னித்துப் போகவிடுகிறான்.

உருவாக்கம்

திரைக்கதையை சாம் ரைமி, அவருடைய அண்ணன் ஐவன் ரைமி, ஆல்வின் சார்ஜென்ட் ஆகியோர் எழுதினர். 1963இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த சாண்ட்மேனை ரைமி விரும்பி எடுத்துக்கொண்டார். டிட்கோ கால வில்லன்கள் மீது அவருக்கு எப்போதுமே ஈடுபாடு உண்டு. 1988இல் டேவிட் மிஷெலினி, டாட் மக்பார்லேன் கூட்டணியில் முழு உருவம் பெற்ற வெனத்தின் மீது அவருக்கு அத்தகைய பற்று இல்லை. ரசிகர்கள் பெரிதும் எதிர்பார்க்கும் பாத்திரம் என்று தயாரிப்பாளர் ஆவி அராட் வற்புறுத்தியதால் வெனம் கதைக்குள் வந்தான். சித்திரக்கதையில் பீட்டரின் காதலியாக இடம்பெற்ற குவென் ஸ்டேசியும் சேர்க்கப்பட்டாள். கதை கனத்துப்போனதால் அதை இரு படங்களாகப் பிரிக்கலாமா என்று எழுத்துக் கட்டத்திலேயே யோசிக்கப்பட்டு, அந்த எண்ணம் கைவிடப்பட்டது.

படத்தின் செலவு 25.8 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. அன்றைய நிலையில் மிக அதிகப் பொருட்செலவில் உருவான படங்களில் இதுவும் ஒன்று. மணலின் அசைவைக் கணினியில் உருவாக்க சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸ் கலைஞர்கள் உண்மையான மணலைக் கொட்டியும் வீசியும் படமெடுத்து ஆராய்ந்தனர். நடிகர்களை மணலில் புதைக்க வேண்டிய இடங்களில், பாதுகாப்புக் கருதி அரைத்த மக்காச்சோளத் தக்கை பயன்பட்டது. முதல் இரு படங்களுக்கு இசையமைத்த டேனி எல்ஃப்மன் இரண்டாம் பாகத்தின்போது ரைமியுடன் ஏற்பட்ட பிணக்கால் விலகியிருந்தார். அவர் அமைத்த முதன்மை இசைக்கருக்களைத் தக்கவைத்து, கிறிஸ்டோபர் யங் இப்படத்துக்கு இசையமைத்தார்.

வெளியீடும் வசூலும்

2007 ஏப்ரலில் டோக்கியோவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட படம், மே 4 அன்று அமெரிக்காவில் வெளியானது. முதல் மூன்று நாளில் அங்கு 15.1 கோடி டாலர் வசூலாகி, முந்தைய ஆண்டு 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' இரண்டாம் பாகம் வைத்திருந்த சாதனை முறிந்தது. இந்தியாவில் ஆங்கிலத்துடன் இந்தி, தமிழ், தெலுங்கு, போஜ்புரி மொழிமாற்றப் பதிப்புகளும் திரைக்கு வந்தன.

இரண்டாம் வாரம் அமெரிக்க வசூல் 60 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. முடிவில் அங்கு கிடைத்தது ஏறத்தாழ 33.6 கோடி டாலர். முதல் பாகம் ஈட்டிய 40 கோடியையும் இரண்டாம் பாகம் ஈட்டிய 37 கோடியையும் விட இது குறைவு. வெளிநாட்டு வசூல் அந்தக் குறையை ஈடுகட்டியதால் உலகக் கணக்கில் மூன்று படங்களில் இதுவே முதலிடம் பெற்றது. 2019இல் 'ஸ்பைடர்-மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்' முந்தும்வரை, ஸ்பைடர்-மேன் படங்களில் அதிகம் வசூலித்தது இதுதான்.

விவாதப் பொருள்கள்

வில்லன்களின் எண்ணிக்கை

படத்தின் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு இது. 139 நிமிடங்களுக்குள் ஹாரியின் பழிவாங்கல், மார்கோவின் துயரம், ஒட்டுயிரியின் ஆதிக்கம், பிராக்கின் வீழ்ச்சி ஆகிய நான்கு கதைகள் ஓடுகின்றன. இவற்றை இணைக்கத் திரைக்கதை தற்செயல்களை நாடுகிறது. விண்கல் சரியாகப் பீட்டரின் அருகில் விழுகிறது. ஹாரியின் நினைவு வேண்டும்போது மறைந்து வேண்டும்போது திரும்புகிறது. ஹாரியின் தந்தை எப்படி இறந்தார் என்ற உண்மையை, இத்தனை காலம் வாய்திறக்காத வீட்டுப் பணியாளர் கடைசி நேரத்தில் சொல்கிறார். படத்தை விரும்புவோர்கூட இந்தப் பணியாளர் காட்சிக்காக வாதாடுவது அரிது.

வெனம்

பிராக் வெனமாக மாறுவது படத்தின் இறுதிப் பகுதியில்தான். சித்திரக்கதையில் பருத்த உடற்கட்டுள்ள பிராக்குக்கு, மெலிந்த உடலும் நகைச்சுவைப் பழக்கமும் கொண்ட டோஃபர் கிரேஸ் பொருந்தவில்லை என்பது ரசிகர்களின் மனக்குறை. அவரைப் பீட்டரின் எதிர்நிழலாகத் தேர்ந்தது சரியே என்பது ஆதரவாளர்களின் பதில். இருவரும் ஒரே நாளிதழுக்குப் படமெடுப்பவர்கள். வயதிலும் தோற்றத்திலும் நெருங்கியவர்கள். தவறு செய்தபின் ஒருவன் வருந்துகிறான், மற்றவன் பிறர்மேல் பழிபோடுகிறான்.

கறுப்பு உடையும் நடனமும்

ஒட்டுயிரியின் பிடியில் இருக்கும் பீட்டர் முன்முடியை நெற்றியில் இழுத்துவிட்டு, தெருவில் பெண்களைப் பார்த்து விரல் சுட்டி நடக்கிறான். ஜாஸ் விடுதியில் மேரி ஜேனைப் புண்படுத்தவே குவெனுடன் ஆடுகிறான். வெளிவந்த காலத்தில் அதிகக் கேலிக்கு ஆளானவை இந்தக் காட்சிகள். இருண்ட, அச்சமூட்டும் நாயகனை எதிர்பார்த்து வந்த பார்வையாளருக்கு இது அபத்தமாகப் பட்டது.

ஆதரவாளர்கள் அந்த அபத்தம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்கின்றனர். தெருவில் எதிர்ப்படும் பெண்களில் பலர் அவனைக் கண்டு முகம் சுளிப்பதைக் கேமரா காட்டத் தவறுவதில்லை. கூச்ச சுபாவமுள்ள பையன் ஒருவன் 'கெத்து' என்று கற்பனை செய்துகொள்வது எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவன் நடக்கிறான். அச்சத்தையும் கோமாளித்தனத்தையும் கலப்பது 'ஈவில் டெட்' வரிசையிலிருந்தே ரைமியின் கைவந்த கலை. ஆனால் விடுதிக் காட்சியின் முடிவில் பீட்டரின் கை பட்டு மேரி ஜேன் தரையில் விழுகிறாள். சிரிப்பிலிருந்து அந்த வன்முறைக்குத் தாவும் தொலைவு மிகக் குறுகியது என்ற விமர்சனத்துக்கு இந்த விளக்கம் முழு விடை ஆகாது. 2010களுக்குப் பின் இக்காட்சிகள் 'புல்லி மக்வயர்' என்ற பெயரில் இணைய மீம்களாகப் பரவி, புதிய தலைமுறையினரைப் படத்திடம் அழைத்துவந்தன.

சாண்ட்மேனும் சித்தப்பாவின் கொலையும்

சிதறிக் கிடக்கும் மணல்துகள்கள் மெல்லத் திரண்டு, மகளின் படமுள்ள பதக்கத்தைக் கையிலெடுக்க முயன்று மீண்டும் மீண்டும் உதிரும் காட்சியை இரு தரப்பும் ஒருமனதாகப் பாராட்டுகின்றன. வசனம் இல்லாமலேயே ஒரு பாத்திரத்தின் வாழ்வைச் சொல்லிவிடும் இக்காட்சிக்கு, கணினி வரைகலை வரலாற்றிலும் மதிப்பான இடம் உண்டு. காட்சி விளைவுகளுக்காக இப்படம் பாஃப்டா விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

மார்கோவைக் கொலையாளி ஆக்கியது பற்றியே சர்ச்சை. முதல் படத்தில், பீட்டர் தடுக்காமல் விட்ட திருடனே சித்தப்பாவைக் கொன்றவன். அந்தக் குற்ற உணர்வே அவனை நாயகனாக்கியது. வேறொருவன் சுட்டான் என்றால் அந்த அடித்தளமே ஆட்டம் காண்கிறது என்கின்றனர் எதிர்ப்பாளர்கள். மார்கோவின் வாக்குமூலத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. பணத்தோடு ஓடிவந்த கூட்டாளி தோளைத் தொட்டபோதுதான் துப்பாக்கி தவறி வெடித்தது. ஓடிவந்தவன் பீட்டர் தப்பவிட்ட அதே திருடன். ஆகவே பீட்டரின் பங்கு அப்படியே இருக்கிறது. ஆனால், குற்றத்தில் தனக்கும் பங்குண்டு என்று தெரிந்தவன் மற்றவனை மன்னிக்கிறான் என்ற இந்த இழையைப் படம் ஓரிரு நொடிகளில் கடந்துவிடுகிறது.

பெண் பாத்திரங்கள்

மேரி ஜேன் மூன்றாம் முறையும் கடத்தப்பட்டு உயரத்தில் தொங்கவிடப்படுவது சலிப்பூட்டியதாகப் பலர் எழுதினர். சித்திரக்கதையில் 1973இல் நிகழும் குவெனின் மரணம் வாசகர் மனத்தில் ஆழப் பதிந்தது. அத்தகைய பாத்திரம் இங்கே பொறாமை மூட்டும் கருவியாகச் சுருங்கியது. மேரி ஜேனின் தொழில் தோல்வியும், அதைக் காதலன் காதில் வாங்காததும் முற்பகுதியில் நுட்பமாக அமைந்தவை என்பது ஆதரவாளர் தரப்பு. முதல் படத்தில் தலைகீழாகத் தொங்கி அவளுக்குத் தந்த முத்தத்தை ஊர் பார்க்கக் குவெனுக்குத் தருவதில், கறுப்பு உடை வருமுன்பே பீட்டரின் சரிவு தொடங்கிவிடுகிறது.

மன்னிப்பு என்னும் கருப்பொருள்

படத்துக்குச் சாதகமான வலுவான வாதம் அதன் அமைப்பிலிருந்து எழுகிறது. பிராக் போலிப் புகைப்படம் கொடுத்து மாட்டிக்கொண்டபோது தன்னை விட்டுவிடும்படி கெஞ்சுகிறான். பீட்டர் ஏளனமாக மறுக்கிறான். அவமானத்தோடு தேவாலயம் போகும் பிராக், அங்கே பீட்டரின் சாவை வேண்டி நிற்கும்போது ஒட்டுயிரி அவன்மேல் விழுகிறது. மறுக்கப்பட்ட மன்னிப்பு வெனத்தை உருவாக்குகிறது. வழங்கப்பட்ட மன்னிப்பு சாண்ட்மேனின் பகையை அடக்குகிறது. ஹாரி நண்பனை மன்னித்து அவனுக்காக உயிரையே தருகிறான். மூன்று எதிரிகளும் ஒரே கேள்விக்கான மூன்று விடைகள் என்ற கோணத்தில் பார்த்தால், ரைமி விரும்பாமல் ஏற்ற வெனமும் கதைக்குத் தேவையானவன் ஆகிறான். ஆனால் அந்தத் தேவையை உணர்த்தும் அளவுக்குத் திரைக்கதை அவனுக்கு இடம் தரவில்லை. கருவில் இருந்த ஒழுங்கு நடைமுறையில் நெரிசலாகிப்போனது.

மாற்றுப் பதிப்பு

படத்தொகுப்பாளர் பாப் முராவ்ஸ்கி அமைத்த பதிப்பு 2017இல் வட்டு வடிவில் வெளியானது. திரையரங்குப் பதிப்பைவிட இது சற்றே குறுகியது. பணியாளர் உண்மை சொல்லும் காட்சி இதில் இல்லை. ஹாரி தானாகவே மனம் மாறுவதாகக் கதை நகர்கிறது. யங்கின் இசைக்கும் கூடுதல் இடம் கிடைத்தது. இதையே மேலான வடிவமாகக் கொள்வோர் உண்டு. ஆனால் வில்லன் நெரிசல் என்ற மூலச் சிக்கலை எந்தத் தொகுப்பாலும் தீர்க்க இயலவில்லை.

பின்விளைவுகள்

நான்காம் பாகத்துக்கான பணிகள் நடந்துவந்த நிலையில், மனத்துக்கு உகந்த திரைக்கதை அமையாததாலும் குறித்த நாளில் முடிக்க முடியாததாலும் ரைமி விலக, 2010 ஜனவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2012இல் ஆண்ட்ரூ கார்ஃபீல்டு நடிப்பில் கதை புதிதாகத் தொடங்கியது. மூன்றாம் பாகம் தான் நினைத்தபடி அமையவில்லை என்றும், மனத்தளவில் நம்பாத பாத்திரங்களை ஓர் இயக்குநர் எடுக்கக் கூடாது என்றும் ரைமி பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார். 2018இல் டாம் ஹார்டி நடித்த 'வெனம்' தனிப்படமாகவே 85 கோடி டாலர் ஈட்டியது.

2021இல் வந்த 'ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்' இந்த விவாதத்துக்குப் புதிய வெளிச்சம் தந்தது. மக்வயரின் பீட்டரும் சாண்ட்மேனும் அதில் திரும்ப வந்தனர். ஐந்து வில்லன்கள் இருந்தும் நெரிசல் என்ற குறை அங்கே பெரிதாக எழவில்லை. அவர்கள் ஒவ்வொருவரையும் முந்தைய படங்களில் பார்வையாளர் அறிந்திருந்தனர். வில்லன்களைக் கொல்லாமல் குணப்படுத்தி அனுப்ப முயலும் அதன் கதை, 2007இல் ரைமி தொட்ட கருவுக்கு மிக அருகில் நிற்கிறது. எண்ணிக்கையைக் காட்டி மூன்றாம் பாகத்தைக் குறைசொல்லும் வாதம் இந்த ஒப்பீட்டில் வலுவிழக்கிறது. பாத்திரங்களை அறிமுகம் செய்து நெருக்கமாக்க வேண்டிய நேரம் கிடைக்கவில்லை என்ற வாதமே நிற்கிறது.