ஒரு சைலன்ஸர் நட்டின் பூர்வீகம்

சித்தப்பாவோட புல்லட் 1980-களில் வாங்கியது. வீடு காசிமேட்டுப் பக்கம், கடல் காத்து ராத்திரி பகல்னு பார்க்காம அடிக்கும். ஆறு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டியைப் போன மாசம்தான் வெளியே எடுத்தோம். சைலன்ஸர் அடியில் துருப்பிடித்து ஓட்டை. கழற்றி வேற மாட்ட ஒரு மணி நேரம் ஆகும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓடிப்போச்சு.

வில்லங்கம் இரண்டு நட்டில் இருந்தது. பெண்ட் பைப்பைப் பிடித்திருக்கும் பட்டையில் இரண்டு ஸ்டட், ஆளுக்கொரு நட்டு. முதல் நட்டில் 13 ஸ்பானர் நுழையவே இல்லை, 14 போட்டால் ஆடியது. கொஞ்சம் அழுத்தியதும் வழுக்கி மூலை மழுங்கிவிட்டது. இரண்டாவது நட்டில் 13 கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் ஒரு இம்மிகூட அசையவில்லை. "எதையும் வெட்டிடாதடா, ஒரிஜினலா இருக்கட்டும்" என்று உள்ளேயிருந்து சித்தப்பா குரல் வேற.

முதல் நட்டுக்கு ஏன் எந்த ஸ்பானரும் சேரவில்லை என்று தேட ஆரம்பித்தேன். தேடல் 1841-க்குக் கொண்டுபோய் விட்டது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று ஒரு மரை வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையில் செய்த போல்ட்டுக்கு இன்னொரு பட்டறை நட்டு சேராது. மான்செஸ்டரில் பட்டறை வைத்திருந்த ஜோசப் விட்வொர்த் பல இடங்களிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்தார். மரையின் கோணம் 55 டிகிரி, இன்ன தடிமனுக்கு ஒரு அங்குலத்தில் இத்தனை மரை என்று ஒரு பட்டியல் போட்டு 1841-ல் லண்டனில் சிவில் எஞ்சினியர்கள் சங்கத்தில் கட்டுரையாக வாசித்தார். ரயில்வே கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. அது நாடு முழுக்கப் பரவியது.

ஆனால் விட்வொர்த் மரை பெரிய இயந்திரங்களுக்கானது, அதிர்கிற சின்ன வண்டிகளுக்குக் கொஞ்சம் முரடு. அதனால் சைக்கிள்காரர்கள் 1902-ல் 60 டிகிரியில் தங்களுக்கென்று நெருக்கமான ஒரு மரையை வகுத்துக்கொண்டார்கள். சில வருஷத்தில் விட்வொர்த் மரையின் நெருக்கமான வடிவமாக பிஎஸ்எஃப் வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் இந்த எல்லாக் குடும்பத்துக்கும் பிள்ளை. ஒரே வண்டியில் மூன்று வகை மரை சாதாரணம்.

அந்தக் குழப்பம் நம்ம ஊருக்குக் கப்பலேறி வந்தது 1955-ல். ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் இங்கே மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் முதலில் வெளிநாட்டுப் பாகங்களை வைத்து வண்டி பூட்டினார்கள், பிறகு பாகங்களையே இங்கே செய்தார்கள். வரைபடமும் அச்சும் அங்கிருந்து வந்தவை என்பதால் மரையும் அங்கத்திய மரைதான்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருஷம், 1956-ல், இந்தியா மெட்ரிக் அளவுகளுக்குச் சட்டம் கொண்டுவந்தது. 1965-ல் பிரிட்டனின் தரநிலை அமைப்பே விட்வொர்த், பிஎஸ்எஃப் எல்லாம் வழக்கொழிய வேண்டியவை என்று அறிவித்தது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. பெற்ற ஊரே கைவிட்ட மரை திருவொற்றியூரில் மட்டும் புது வண்டியில் ஏறி வந்துகொண்டே இருந்தது. 1984-ல் ஓசூரிலிருந்து இந்த்-சுஸுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100 என்று ஜப்பான் கூட்டு வண்டிகள் வந்தபோது, தெரு மெக்கானிக்கின் பெட்டியில் 8, 10, 12, 13, 14 என்று மெட்ரிக் ஸ்பானர்கள் நிரம்பின. பழைய "கால் டபிள்யூ" ஸ்பானர்கள் அடிக்குப் போய்விட்டன.

இப்போது என் நட்டுக்கு வருவோம். என் ஸ்டட் 5/16 அங்குல பிஎஸ்எஃப். அதன் நட்டு, பட்டைக்குப் பட்டை 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீட்டர். 13 சேராது, 14-க்கு முக்கால் மில்லிமீட்டர் கிட்ட இடைவெளி. இதற்கான ஸ்பானரில் 1/4W என்று எழுதியிருக்கும். அந்தக் கால் அங்குலம் ஸ்பானர் வாயின் அளவு இல்லை, அந்த வாய் சேரும் விட்வொர்த் போல்ட்டின் தடிமன். இது தெரியாமல்தான் பாதிப் பேர் நட்டை மழுக்குகிறோம்.

சரி, இரண்டாவது நட்டு? அதில்தான் 13 அழகாகச் சேர்ந்ததே! அது துருவால்தான் இறுகியிருக்கிறது என்று நம்பினேன். துருவும் லேசுப்பட்டது இல்லை. இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கு மேல் பருமனாகும், மரைக்கு நடுவில் அதற்கு இடம் ஏது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. வண்டி சூடாகும் முன்பே நிறுத்தினால் அந்த ஈரம் சைலன்ஸருக்குள்ளேயே தங்கும். வெளியே உப்புக் காற்று, நடுவில் சூடும் குளிரும் மாறி மாறி. சைலன்ஸர் ஓட்டையானதும், அதைச் சுற்றியுள்ள நட்டுகள் முதலில் சாவதும் இதனால்தான்.

இரண்டாவது ஞாயிறு தெருமுனை மெக்கானிக் பாயைக் கூட்டிவந்தேன். குனிந்து பார்த்தவர், நட்டுக்கு வெளியே நீட்டியிருந்த ஸ்டட்டின் மரையை நகத்தால் வருடினார்.

"தம்பி, முதல் நட்டுதான் துரு. இது துரு இல்ல. மரையே வேற. எவனோ மில்லி நட்ட அடிச்சு ஏத்திருக்கான்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5/16 அங்குலம் 7.94 மில்லிமீட்டர். 8 மில்லி நட்டு கண்ணுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் பிஎஸ்எஃப்-ல் ஒரு அங்குலத்துக்கு 22 மரை, அதாவது மரைக்கு மரை 1.15 மில்லி. 8 மில்லி நட்டில் 1.25. இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக ஏறும், அப்புறம் மரை மரையை மிதிக்கும். அந்த இடத்தில் நிறுத்தாமல் நீளக் கைப்பிடி போட்டு முறுக்கியிருக்கிறார்கள். ஸ்பானர் கச்சிதமாகச் சேர்ந்ததே, அது அந்த ஸ்டட்டின் நட்டு இல்லை என்பதற்குச் சாட்சி. நான்தான் மரை கழண்ட மாதிரி அதையே நல்ல நட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டுக்கும் வைத்தியம் வேற வேற. துருப்பிடித்த நட்டுக்குப் பொறுமை போதும். கம்பி பிரஷ்ஷால் நீட்டியிருக்கும் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டோம். மறுநாள் பாய் டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, எண்ணெயைத் துடைத்து, நட்டை மட்டும் நெருப்பில் காட்டினார். நட்டு விரிய வேண்டும், ஸ்டட் விரியக்கூடாது, அதனால் சட்டென்று சூடு. பழைய பெட்டியிலிருந்து 1/4W ரிங் ஸ்பானரை எடுத்து முதலில் ஒரு நூல் முறுக்கும் பக்கமே அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம், துருக் கட்டு உடைந்தது. அப்புறம் கால் சுற்று கழற்று, கால் சுற்று திரும்ப முறுக்கு என்று ஆடி ஆடி வெளியே வந்தது. ஒரே இழுப்பில் கழற்றப் பார்த்தால் ஸ்டட் முறியும். முறிந்தால் துளை போட்டு எடுத்து, லேத்துக்கு ஓடி, செலவு பத்து மடங்கு.

தப்பு மரைக்கு எண்ணெயும் நெருப்பும் பெரிதாக உதவாது. அங்கே உலோகமே உலோகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது. முறுக்கினால் நட்டு ஸ்டட்டின் மரையையும் வழித்துக்கொண்டு வரும். அதனால் வெட்டுவதுதான் வழி. சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"ஒரிஜினல்னு சொன்னேனேடா."

"சித்தப்பா, வெட்டப் போறது ஒரிஜினல் இல்ல. அதுக்கு அடியில இருக்கிற ஸ்டட்தான் ஒரிஜினல்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். பாய் நட்டின் ஒரு பட்டையை ஸ்டட்டைத் தொடாமல் அரத்தால் மெலிதாக்கி, உளியால் ஒரு தட்டு தட்டினார். நட்டு பிளந்தது. ஸ்டட்டில் மூன்று மரை நசுங்கியிருந்தது. 5/16 பிஎஸ்எஃப் டை போட்டு ஓட்டியதில் மீதி மரை பிழைத்துக்கொண்டது.

மூன்றாவது ஞாயிறு புதுப்பேட்டையில் நாலு கடை ஏறி இறங்கி, சரியான நட்டு இரண்டு வாங்கினேன். கையால் திருகியே கடைசிவரை ஏறியது. மரை சரி என்பதற்கு அதைவிடப் பெரிய சோதனை கிடையாது. செம்புத் தூள் கலந்த கிரீஸ் தடவி மாட்டினோம். கிரீஸ் இருக்கும்போது மரை சுலபமாகச் சுற்றும், வழக்கமான பலத்தில் முறுக்கினாலே அளவு மீறும் என்று பாய் கையைக் கொஞ்சம் அடக்கியே முறுக்கினார்.

பிளந்த நட்டைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. டூல் பாக்ஸ் மூடிக்குள் டேப்பால் ஒட்டி, பக்கத்தில் "5/16, 22 மரை, ஸ்பானர் 1/4W. 8 மில்லி நட்டு போடாதே" என்று மார்க்கரால் எழுதி வைத்தேன். முன்னாடி கழற்றியவர் இப்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்திருக்கும்.