கலப்பையின் பின்னே மழை வந்ததா?

அமெரிக்கா என்ற பெயரைக் கேட்டவுடன் நம் கண்முன் நிற்பவை யாவை? வானை முட்டும் மாளிகைகள், வழுக்கிச் செல்லும் மோட்டார்கள், டாலர் அரசர்கள்! நாம் இங்கே காண விரும்பும் அமெரிக்கா அதுவன்று. தலை நிமிர்ந்து நிற்க முடியாத மண்குழியிலே குடும்பம் நடத்திய அமெரிக்கா. அடுப்பெரிக்க விறகின்றிக் காட்டெருமையின் காய்ந்த சாணத்தை மடியிலே பொறுக்கி வந்த பெண்களின் அமெரிக்கா. வெட்டுக்கிளிக்குப் பயந்து மண்டியிட்ட அமெரிக்கா!

மிசௌரி ஆற்றுக்கு மேற்கே நெப்ராஸ்கா, கான்சாஸ், டகோட்டா என நீளும் புல்வெளி. மரமில்லை, மலையில்லை, பார்க்கும் திசையெல்லாம் புல், புல், புல்! 1862 மே 20 ஆம் நாள், உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது, ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். குடும்பத் தலைவரோ 21 வயது நிரம்பியவரோ யாராயினும் 160 ஏக்கர் அரசாங்க நிலம் கேட்கலாம். நமது தஞ்சைக் கணக்கில் ஏறத்தாழ 24 வேலி! ஐந்தாண்டு அங்கே குடியிருந்து, உழுது பயிரிட்டுக் காட்டினால் பட்டா. கட்டணமெல்லாம் சேர்த்து 18 டாலர். மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும்கூடத் தம் பெயரிலேயே மனுச் செய்யலாம். சொத்துரிமை என்று பெண் வாய் திறந்தாலே குடி கெட்டது என்று கூக்குரலிட்ட நாடுகள் பல இருந்த காலம் அது என்பதை நாம் மறக்கலாகாது. ஆனால் கணவன் உள்ள பெண் தன் பெயரில் தனியே கேட்க முடியாது. தாலி கட்டாத நாட்டிலும் தளை மட்டும் இருந்தது!

இச்சட்டம் எளிதில் வந்துவிடவில்லை. அடிமை வைத்துப் பிழைத்த தென்னாட்டுப் பண்ணை முதலாளிகள் இதைப் பல்லாண்டு எதிர்த்தனர். சொந்த நிலத்தில் சொந்தக் கையால் உழுபவன் பெருகினால், சவுக்கடியில் உழைக்கும் அடிமை முறைக்குச் சாவுமணி அன்றோ? 1860 இல் இத்தகைய மசோதாவைக் குடியரசுத் தலைவர் புக்கானன் தடுத்தே விட்டார். தென்னாட்டு உறுப்பினர் பிரிந்து போன பின்னரே சட்டம் நிறைவேறிற்று.

1863 சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அன்றே மனுச் செய்து, முதற் குடியேறி என்று பெயர் பெற்றவர் டேனியல் ஃபிரீமன். நெப்ராஸ்காவின் பியாட்ரிஸ் ஊரருகே நிலம் பெற்ற அவரைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

“அரசாங்க நிலம்” என்றோமே, அரசாங்கத்துக்கு அது எங்கிருந்து வந்தது? பானியும் லகோட்டாவும் பொன்காவும் ஓமஹாவும் தலைமுறை தலைமுறையாய் வேட்டையாடி, சோளம் விதைத்து வாழ்ந்த நிலமன்றோ அது! ஒப்பந்தம் என்ற பெயரில் வாங்கினர். ஒப்பந்தத்தை மீறிப் பறித்தனர். எஞ்சியோரைத் தெற்கே விரட்டினர். 1877 இல் பொன்கா மக்கள் நயோபிராரா ஆற்றங்கரையிலிருந்து பட்டாளத்தின் துணையோடு அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்களுடைய தலைவர் ‘நிற்கும் கரடி’, புதிய இடத்தில் மாண்டுபோன தம் மகனின் எலும்புகளைப் பிறந்த மண்ணில் புதைக்கக் கொண்டு திரும்பினார். கைது செய்தனர். 1879 இல் ஓமஹா நகர நீதிமன்றத்தில் அரசாங்க வழக்கறிஞர் வாதாடியது என்ன தெரியுமா? செவ்விந்தியன் சட்டத்தின் கண்ணில் ஆளே அல்லன் என்று! இல்லை, அவனும் ஆளே என்று நீதிபதி டண்டி தீர்ப்பளித்தார். மனிதன் மனிதனே என்று மெய்ப்பிக்க ஒரு வழக்கு! ஏழைக் குடியேறியின் துயரை நாம் எழுதப் புகுமுன், அவன் காலடியில் யாருடைய கல்லறை இருந்தது என்பதைச் சொல்லாது விடல் நேர்மையாகாது.

இனி அந்த ஏழையைப் பார்ப்போம். நிலம் கிடைத்தது, வீடு? மரமில்லா நாட்டில் மரவீடு ஏது? புல்லின் வேர் பின்னிப் பிணைந்து கிடந்த தரையை, ஓரடி அகலமும் நான்கங்குலக் கனமுமான பட்டைகளாக உரிக்கத் தனிக் கலப்பை ஒன்று இருந்தது. அப்பட்டைகளை மண்வெட்டியால் மூன்றடித் துண்டுகளாக்கி, புல்பக்கம் கீழாகக் கவிழ்த்துச் செங்கல்போல் அடுக்கிச் சுவர் எழுப்பினர். சிறு வீடொன்றுக்கு அரை ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் தோலையே உரித்தாக வேண்டும். “நெப்ராஸ்கா சலவைக்கல்” என்று அக்கட்டிக்குப் பெயர் வைத்துத் தம்மைத் தாமே கேலி செய்துகொண்டனர். அதற்கும் வழியற்றவன் மேட்டுச் சரிவில் குழி பறித்து, முன்புறம் மட்டும் சுவர் வைத்துக் குடிபுகுந்தான்.

கோடையில் குளிர்ச்சி, குளிரில் வெதுவெதுப்பு. தீப்பிடிக்காது, காற்றுக்கு அசையாது. குறை சொல்லக்கூடாது, நல்ல வீடுதான்! ஆனால் மழை வந்ததோ, தொலைந்தது. வெளியே ஒரு நாள் பெய்தால் உள்ளே மூன்று நாள் ஒழுகும். சேற்றுநீர் சோற்றுப் பானையில் விழாதிருக்கப் பெண் ஒரு கையில் குடை பிடித்துச் சமைத்தாள். கூரையிலிருந்து மண்ணும் புழுவும் எலியும் சிலவேளை பாம்பும் விழும். அதைத் தடுக்க உட்புறம் மல் துணி கட்டினர். 1886 முதல் சாலமன் புட்ச்சர் என்பவர் கஸ்டர் மாவட்டத்தில் வண்டியோட்டிச் சென்று இக்குடும்பங்களைப் படம் பிடித்தார். அப்படங்களைப் பார்க்கவேண்டும்! வீட்டுக் கூரைமேல் மாடு மேய்கிறது. வாசலில் குடும்பமே விறைத்து நிற்கிறது. ஓர் அம்மையார் மண்வீடு படத்தில் விழக்கூடாதென்று தம் ஆர்கன் இசைப்பெட்டியை வெட்டவெளிக்குத் தூக்கிவரச் செய்து, அதனருகே நின்று படம் எடுத்துக்கொண்டார். ஊரிலிருக்கும் உறவினர் பார்த்தால் என்ன நினைப்பர் என்ற நாணம்! ஏழ்மையைவிட ஏழ்மை தெரிந்துவிடுமே என்ற அச்சம் பெரிது. இது நம் வீட்டுக் கதையும் ஆகும்.

அடுப்புக்குக் காட்டெருமைச் சாணம் என்றோம். வறட்டி தட்டும் நம் தாய்மாருக்கு இது வியப்பன்று. வெள்ளைக்காரச் சீமாட்டிகள் முதலில் குச்சியால் தள்ளி எடுத்தனர், பிறகு துணியால் பிடித்தனர், கடைசியில் வெறுங்கையால் எடுத்து அப்படியே மாவு பிசைந்தனர்! காட்டெருமை அழிந்தபின் அதுவும் இல்லை. கோடிக்கணக்கில் மேய்ந்த விலங்கு, தோலுக்காகச் சுட்டுக் குவிக்கப்பட்டு, 1880 களின் இறுதியில் சில நூறாகச் சுருங்கிற்று. பின் வைக்கோலை முறுக்கி எரித்தனர். சோளக் கதிரின் தக்கையை எரித்தனர். சோளத்தின் விலை நிலக்கரியைவிட வீழ்ந்த ஆண்டுகளில் சோளத்தையே எரித்தனர். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது அங்கும் செல்லும் கணக்கே. தண்ணீருக்கோ, மேட்டு நிலங்களில் இருநூறடிக்கும் கீழே கையால் தோண்டினர். காற்றாலைகள் பெருகும்வரை வாளியும் கயிறும் பெண்ணின் முதுகெலும்புமே நீர் இறைத்தன.

1874 கோடையிலே வந்தது பெருங்கேடு. வானத்தில் வெண்முகில் ஒன்று மின்னிற்று. மழை என்று மகிழ்ந்தனர். வெட்டுக்கிளி! சோளத்தை வேரோடு தின்றது. வெங்காயத்தைக் குழி தெரியத் தின்றது. செடியைக் காக்கப் போர்த்திய துணியைத் தின்றது. வியர்வையின் உப்புப் படிந்த கலப்பைக் கைப்பிடியையும் குதிரைச் சேணத்தையும் கடித்துக் குதறிற்று. இரயில் தண்டவாளத்தில் நசுங்கிய கிளிகளின் கொழுப்பிலே சக்கரம் வழுக்கி வண்டி நின்றது.

என்செய்தனர் ஆட்சியாளர்? மிசௌரி கவர்னர் 1875 சூன் 3 ஆம் நாளைப் பிரார்த்தனை நாளாக அறிவித்தார். மின்னசோட்டா கவர்னர் பில்ஸ்பரி 1877 ஏப்ரல் 26 ஆம் நாளை அவ்வாறே அறிவித்தார். மாவு ஆலைத் தொழிலில் பங்குள்ள செல்வர் அவர். பட்டினி கிடந்த விவசாயிக்குத் தாராளமாக உதவினால் அவன் சோம்பேறியாவான் என்று அஞ்சியவர்! கருவூலம் திறக்கக் கைவரவில்லை, கடவுளிடம் கைகாட்டினார்.

வெட்டுக்கிளி போயிற்று, உண்மைதான். ஆகஸ்டில் போயிற்று. ஏப்ரலில் போட்ட மனு ஆகஸ்டில் சென்று சேர்ந்தது போலும்! மிசௌரியிலோ, சார்லஸ் ரைலி என்ற பூச்சியியல் அறிஞர் அவற்றின் வாழ்க்கைச் சுழற்சியை ஆராய்ந்து, இளங்கிளிகள் சிறகு முளைத்ததும் சூன் தொடக்கத்தில் பறந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனால் புகழ் யாருக்குப் போகும் என்று சொல்லவும் வேண்டுமா? மின்னசோட்டாவில் கோல்ட் ஸ்பிரிங் ஊரார் கிளி தொலைந்தால் கோயில் கட்டுவதாக வேண்டி, 1877 இல் மேரி அன்னைக்கு ஒரு சிறு மரக்கோயில் கட்டினர். 1894 இல் சூறாவளி வந்து அக்கோயிலையே தூக்கி எறிந்தது! கிளியைத் தடுத்த சக்தி காற்றைத் தடுக்கவில்லை. 1952 இல் கருங்கல்லால் மீண்டும் கட்டினர். நம்பிக்கை மரத்தினின்று கல்லுக்கு ஏறிற்று.

மண்டியிட்ட உழவனை நாம் எள்ளி நகையாடவில்லை. விதையும் போய், கடனும் நின்று, பிள்ளை பசித்து அழும்போது எவன் கையும் எதையாவது பற்றத்தான் செய்யும். அதே உழவன் மறுநாள் எழுந்து, தகரத் தட்டில் தார் பூசி வயலில் இழுத்து, ஒட்டிக்கொண்ட கிளிகளைக் கொளுத்தினான் என்பதையும் சொல்லவேண்டும். முடிவில் கிளியை ஒழித்தது எது? ராக்கி மலைப் பள்ளத்தாக்குகளில் அது முட்டையிடும் இடங்களைக் குடியேறிகள் உழுது பாய்ச்சிவிட்டனர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்ளும் கருத்து. 1902 இல் கனடாவில் பிடிபட்டவற்றுக்குப் பின் அவ்வினத்தை உயிரோடு கண்டவர் இல்லை. தாம் செய்வது இன்னதென்று அறியாமலேயே கலப்பை செய்த வேலை!

மூடநம்பிக்கை கோயிலில் மட்டுமா குடியிருந்தது? பல்கலைக்கழகத்திலும் இருந்தது. நெப்ராஸ்காப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாமுவேல் ஆகி, உழுத நிலம் ஈரத்தை உறிஞ்சி வைத்து மழையைப் பெருக்கும் என்றார். சார்லஸ் டானா வில்பர் 1881 இல் அதைச் சுருக்கி, கலப்பையைத் தொடர்ந்து மழை வரும் என்றார். நிலம் விற்க விரும்பிய இரயில் கம்பெனிகள் இக்கருத்தை ஊரெங்கும் பரப்பின. போரில் ஒரு கையை இழந்த ஜான் வெஸ்லி பவல் மட்டும் 1878 இலேயே எச்சரித்தார்: மேற்குத் தீர்க்கரேகை நூறுக்கு அப்பால் மழை இருபது அங்குலத்துக்கும் குறைவு, பாசனமின்றி அங்கே பயிர் நிலைக்காது, மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேண்டும், 160 ஏக்கர் போதாது என்று. யார் கேட்டார்? 1890 இலும் 1894 இலும் வானம் பொய்த்தது. கடவுளை நம்பிச் சென்றதாகவும் கான்சாசில் கெட்டு நொடித்ததாகவும் வண்டிப் படுதாவில் எழுதிக்கொண்டு குடும்பங்கள் கிழக்கே திரும்பின. 1891 இல் அரசாங்கப் பணத்திலேயே டெக்சாசில் வெடி வைத்து மழை வரவழைக்கவும் முயன்றனர்! கழுதைக்குக் கல்யாணம் செய்து மழை கேட்கும் நாட்டவராகிய நாம் இதற்கு மிகவும் சிரிக்க உரிமையற்றவர்கள்.

குளிரின் கொடுமையை ஒரு நாளால் அளக்கலாம். 1888 சனவரி 12. காலை இளவெயில், மேலங்கியின்றிப் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். பிற்பகல் பனிப்புயல் சுவர்போல் வந்தது. நீட்டிய கை தெரியவில்லை. இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். அவர்களில் பலர் பள்ளிச் சிறுவர். அதனாலேயே “பிள்ளைகளின் பனிப்புயல்” என்று இன்றும் பெயர்.

கருப்பர் கதையைக் கூறாது இக்கட்டுரை முடியாது. 1877 இல் கென்டக்கியிலிருந்து, அண்மையில்தான் அடிமைத்தளை அறுந்த கருப்பின மக்கள் கான்சாசில் நிக்கோடெமஸ் என்ற ஊரை நிறுவினர். மறு ஆண்டு வந்த வில்லியானா ஹிக்மன் என்ற அம்மையார், ஊர் எங்கே என்று தேடினார். கணவர் சுட்டிய திசையில் தரையிலிருந்து புகை எழுந்ததே தவிர, வீடு ஒன்றும் காணோம். குழிக்குள் குடியிருந்தனர் மக்கள், அம்மையார் அழுதுவிட்டார். முதற் குளிரில் பட்டினி வந்தபோது, வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் செவ்விந்தியர் இறைச்சி தந்து காத்தனர் என்று அவ்வூரார் வழிவழியாகச் சொல்கின்றனர். நிலம் இழந்தவன், உடலையே இழந்திருந்தவனுக்குச் சோறிட்டான்! அவ்வூரார் பள்ளி கட்டினர், கடை வைத்தனர், செய்தித்தாள் நடத்தினர். 1888 இல் இரயில் பாதை ஊரைத் தொடாமல் ஆற்றுக்கு அப்பால் சென்றது, கடைகள் பாதையோரம் பெயர்ந்தன, ஊர் தேய்ந்தது. ஆயினும் அழியவில்லை. கருப்பர் அங்கே வேரூன்ற முயன்ற அதே பத்தாண்டில், 1873 இல், மகாத்மா ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

இரயில் என்றோம். இச்சட்டத்தின்கீழ் கடைசிவரை ஏறத்தாழ 16 இலட்சம் குடும்பங்கள் பட்டா பெற்ற நிலம் 27 கோடி ஏக்கர். ஒருசில இரயில் கம்பெனிகளுக்கு மத்திய அரசாங்கம் வாரிக்கொடுத்ததோ சுமார் 13 கோடி ஏக்கர்! ஏற்றுகூலியை ஏற்றியவரும் அவரே. வட்டிக்காரன் ஒருபுறம், வண்டிக்காரன் ஒருபுறம். 1892 சூலை 4 ஆம் நாள் ஓமஹாவில் உழவர் கூடி, இரயில் பாதைகளை அரசாங்கமே ஏற்கவேண்டும் என்ற திட்டத்தோடு மக்கள் கட்சியாய்த் தேர்தலில் இறங்கினர். பத்து இலட்சத்துக்கு மேல் வாக்குப் பெற்றனர்.

இனி ஃபிரீமனிடம் வருவோம். முதுமையில் அவருக்கு ஒரு வழக்கு நேர்ந்தது. அவர் நிலத்தருகே இருந்த சிறிய பள்ளியில் ஆசிரியை வேதநூல் படித்து, செபம் செய்து, பக்திப் பாட்டும் பாடுவித்தார். வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில் வழிபாடு எதற்கு என்றார் கிழவர். பள்ளிக் குழு செவிசாய்க்கவில்லை, நீதிமன்றம் ஏறினார். 1902 இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வேதநூலைப் பள்ளியில் வைத்திருப்பதே குற்றமன்று, அதை வழிபாடாக நடத்துவதுதான் சட்டவிரோதம் என்று மறு ஆண்டு விளக்கமும் தந்தது. 1908 இல் ஃபிரீமன் மறைந்தார். அவருடைய 160 ஏக்கரும் இன்று தேசியப் பூங்கா. 1967 வரை வகுப்பு நடந்த அந்தச் செங்கல் பள்ளிக்கூடமும் அதிலே சேர்ந்து நிற்கிறது.