லிட்டில் லீக் பயிற்றுநர்

லிட்டில் லீக் பயிற்றுநர் என்பவர், ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய லிட்டில் லீக் என்னும் சிறார் அடிபந்தாட்ட (பேஸ்பால்) அமைப்பில் ஓர் அணியை வழிநடத்தும் தன்னார்வலர் ஆவார். பெரும்பாலும் அணியில் ஆடும் சிறுவர் ஒருவரின் தந்தையோ தாயோ இப்பணியை ஊதியமின்றி ஏற்கின்றனர். அமைப்பின் வழக்கில் அணிப் பொறுப்பாளர் மேலாளர் எனவும், அவருக்குத் துணைநிற்போர் பயிற்றுநர் எனவும் அழைக்கப்படுவர். இக்கட்டுரையில் இருவரும் பயிற்றுநர் என்றே குறிக்கப்படுகின்றனர்.

வரலாறு

1939 ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் கார்ல் இசுட்டோட்சு என்பவர் இவ்வமைப்பைத் தொடங்கினார். உறவினர் பிள்ளைகளான இரு சிறுவர்களோடு விளையாடியபோது இவ்வெண்ணம் அவருக்குத் தோன்றியது. தொடக்கத்தில் மூன்று அணிகளே இருந்தன. இசுட்டோட்சும், ஜார்ஜ் பெபிள், பெர்ட் பெபிள் என்னும் உடன்பிறந்தோர் இருவரும் அவற்றை வழிநடத்தினர். 1939 சூன் 6 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் லண்டி லம்பர் அணி, லைக்கமிங் டெய்ரி அணியை 23-8 என்ற கணக்கில் வென்றது. 1947 இல் முதல் தொடர் இறுதிப்போட்டி நடைபெற்றது. 1974 முதல் சிறுமியரும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர்.

பயிற்றுநரைக் கட்டுப்படுத்தும் விதிகள்

பயிற்றுநர் தம் திறமையான ஆட்டக்காரர்களை மட்டும் களமிறக்க இயலாது. வழமையான பருவ ஆட்டங்களில், அணியில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் மட்டை பிடிக்க வேண்டும். எதிரணியின் ஆறு ஆட்டமிழப்புகள் நிகழும் அளவுக்கேனும் களத்தடுப்பில் நிற்க வேண்டும். இது ஆறு பகுதிகள் கொண்ட ஆட்டத்தில் இரண்டு பகுதிகளுக்குச் சமமாகும்.

2007 முதல் பந்தெறிவாளர் ஒருவர் ஒரு நாளில் எறியக்கூடிய பந்துகளுக்கு வரம்பு உண்டு. 11, 12 வயதினருக்கு இது 85 பந்துகள். 14 வயதுக்கு உட்பட்டோர் 66 அல்லது அதற்கு மேற்பட்ட பந்துகளை எறிந்தால் நான்கு நாட்கள் ஓய்வு தேவை. வளரும் எலும்புகளுக்கும் முழங்கை மூட்டுக்கும் ஏற்படும் காயங்களைத் தவிர்ப்பதே இதன் நோக்கம்.

சிக்கல்கள்

ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது சிறந்த பந்தெறிவாளரை விலக்குவதும், பந்தைப் பிடிக்கத் தடுமாறும் சிறுவனைக் களத்தில் நிறுத்துவதும் பயிற்றுநருக்கு எளிதன்று. தம் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறார் என்ற குற்றச்சாட்டு ஒருபுறம். அதற்கு அஞ்சித் தம் பிள்ளையிடம் மட்டும் அளவுகடந்த கண்டிப்புக் காட்டும் நிலை மறுபுறம். பிற பெற்றோர் எல்லைக்கோட்டருகே நின்று முரணான கட்டளைகளைக் கூவுவதும், நடுவரிடம் வாதிடுவதும் உண்டு. நடுவரும் பெரும்பாலும் ஒரு தன்னார்வலரே.

பெரியோரின் வெற்றி வேட்கை எல்லை மீறியதற்கு 2001 ஆம் ஆண்டு நிகழ்வு எடுத்துக்காட்டாகும். தொடர் இறுதிப்போட்டியில் மூன்றாமிடம் பெற்ற நியூயார்க், பிராங்க்சு அணியின் பந்தெறிவாளர், 12 வயதினருக்கான போட்டியில் 14 வயதில் ஆடியது பின்னர் கண்டறியப்பட்டது. அவ்வணியின் வெற்றிகள் நீக்கப்பட்டன.

ஆய்வுகள்

வாசிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்களான ரொனால்ட் சிமித், பிராங்க் சிமோல் ஆகியோர் 1970களில் 51 பயிற்றுநர்களையும் 542 சிறுவர்களையும் ஆராய்ந்தனர். பயிற்றுநர்கள் தம் நடத்தை குறித்துக் கூறியதைவிடச் சிறுவர்கள் கூறியதே, நேரில் பதிவானவற்றுடன் பெரிதும் ஒத்திருந்தது. சிறுவர்கள் பயிற்றுநரை விரும்புவதற்கும் அணியின் வெற்றி தோல்விக்கும் பெரிய தொடர்பு காணப்படவில்லை. எனினும் வென்ற அணிச் சிறுவர்கள், தம் பெற்றோர் பயிற்றுநரை மிகுதியாக விரும்புவதாகக் கருதினர்.

இதன் அடிப்படையில் உருவான பயிற்சித் திட்டம், தவறு செய்தவுடன் ஊக்கமளித்தல், திருத்தும் முறையைப் பொறுமையாகச் சொல்லுதல், தண்டனையைத் தவிர்த்தல், முயற்சியைப் பாராட்டுதல் ஆகியவற்றை வலியுறுத்துகிறது. 1992 இல் வெளியான ஆய்வின்படி, இப்பயிற்சி பெறாதோரின் அணிகளில் 26 விழுக்காட்டினர் அடுத்த ஆண்டு ஆட வரவில்லை. பயிற்சி பெற்றோரின் அணிகளில் இது 5 விழுக்காடு மட்டுமே. இரு பிரிவினரின் வெற்றி விகிதத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

பயன்கள்

பயிற்றுநருக்குக் கிடைக்கும் பயன் பெரும்பாலும் வெற்றிப் பட்டியலில் தெரிவதில்லை. பந்தைக் கண்டு அஞ்சிய சிறுவன் பருவ இறுதியில் அதை எதிர்கொள்வதும், தோற்ற அணியினர் எதிரணியினரோடு கைகுலுக்கிச் செல்வதும் அவர் நேரில் காணும் பலன்களாகும். தன்மதிப்புக் குறைந்த சிறுவர்களே பயிற்றுநரின் ஊக்கத்தால் மிகுதியாகப் பயனடைகின்றனர் என்பதும் மேற்கூறிய ஆய்வாளர்களின் முடிவுகளுள் ஒன்று. ஆகவே, கடந்த ஆண்டு ஆடிய சிறுவர்களுள் எத்தனை பேர் மீண்டும் ஆட வருகின்றனர் என்பதை, பயிற்றுநரின் பணியை மதிப்பிடும் நல்லதோர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

இவற்றையும் பார்க்க

அடிபந்தாட்டம்
விளையாட்டு உளவியல்
தன்னார்வலர்