மிக்ஸர் வாங்கின கதை

"ஒரு மிக்ஸர் வாங்கணும்" என்று ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடிக்கும்போது சொன்னேன்.

"கால் கிலோவா, அரைக் கிலோவா?" என்றாள் தங்கமணி.

அவள்மேல் தப்பில்லை. சிவ்டாவும் பாக்கர்வடியும் விற்கிற ஊரில் பதினோரு வருஷம் குடியிருந்தால் நம்ம ஊர் மிக்ஸர் ஞாபகம்தான் முதலில் வரும். நான் சொன்னது, கரோக்கி பாட மைக் சொருகுகிற மிக்ஸர் :-)

அடியேன் படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம். டெபிட் கிரெடிட் தெரியுமே தவிர டெசிபல் தெரியாது. ஆனால் எங்கள் ஹிஞ்சேவாடி சொசைட்டியில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை கிளப் ஹவுஸில் கரோக்கி நடத்துகிறோம். அதற்கு நான் பொருளாளர். காசு யாரிடம் இருக்கிறதோ அவன்தானே கடைக்கும் போகவேண்டும்? அப்படித்தான் போன வருஷம் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். கலர் கலராக லைட் எரியும், இரண்டு ப்ளூடூத் மைக், விலையும் சல்லிசு. கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கள்.

பொங்கல் அன்று அதில்தான் பாடினோம். எதிர் பிளாக் நண்பரின் அம்மா திருவாரூர்ப் பக்கத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். வீட்டுக்காரர் தவறிய பிறகு மகனோடு இங்கே வந்துவிட்டார். மராத்தி தெரியாது, இந்தி தெரியாது. லிஃப்ட்டில் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான். சின்ன வயதில் கோயில் திருவிழா மேடையில் பாடியிருக்கிறார் என்று தெரிந்து எல்லோருமாகக் கெஞ்சி மைக்கைக் கையில் கொடுத்தோம். முதல் வரி அழகாக வந்தது. இரண்டாவது வரியில் மைக் 'கூ...ய்ய்' என்று ஊளையிட்டது. சத்தத்தைக் குறைத்தேன், அவர் குரலே காணாமல் போனது. கூட்டினேன், மறுபடி ஊளை. அந்த அம்மா மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"என் குரல்தான் கெட்டுப்போச்சு தம்பி, மிஷின் என்ன பண்ணும்?"

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இந்த ஊளை ஏன் வருகிறது என்று படிக்க ஆரம்பித்தேன். கணக்குப்பிள்ளை புத்தி, முதல் என்ட்ரி வரைக்கும் போய்ப் பார்க்காமல் விடாது. நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போகவேண்டியிருந்தது.

டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சன், அவர் கூட்டாளி எட்வின் பிரிதாம் இருவரும் கலிஃபோர்னியாவில் ஒரு ஒலிபெருக்கியைச் செய்து பார்த்தார்கள். மைக் அதன் பக்கத்தில் வந்ததும் இதே ஊளை. ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் புகுந்து, பெரிதாகி, மறுபடி புகுந்து... வட்டிக்கு வட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதை ஆராய்ந்த டென்மார்க் விஞ்ஞானி சோரன் லார்சன் பெயரால் 'லார்சன் விளைவு' என்கிறார்கள். ஜென்சனும் பிரிதாமும் குழாயைக் கொண்டுபோய்க் கூரைமேல் வைத்தார்கள். ஊளை நின்றது. வெகுதூரத்துக்குப் பேச்சு கேட்டது. 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சான்பிரான்சிஸ்கோவில் பெருங்கூட்டத்துக்கு அதைப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் வைத்த பெயர் 'மாக்னவாக்ஸ்', பெருங்குரல் என்று அர்த்தம்.

நம் நாட்டில் பெருங்குரலுக்கு முதலில் ஆள் சேர்த்தது அரசியல். காந்தி, நேரு பேசும் பழைய படங்களை உற்றுப் பாருங்கள். மைக்கில் 'சிகாகோ ரேடியோ' என்று எழுதியிருக்கும். பெயர்தான் சிகாகோ, நடத்தியது சிந்து மாகாணத்திலிருந்து பம்பாய்க்கு வந்த மோட்வானே குடும்பம். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் உஷா மேத்தா ரகசியமாக நடத்திய காங்கிரஸ் வானொலிக்கு உதவினார் என்று அந்தக் குடும்பத்து நானக் மோட்வானே கைதாகி வழக்கைச் சந்தித்தார். மைக் செட்காரர் ஜெயிலுக்குப் போன வரலாறும் நமக்கு உண்டு!

1940ல் டெல்லியில் அஹூஜா கம்பெனி ஆரம்பமானது. இந்தப் பெயரைச் சொன்னாலே எனக்குக் கொசுவத்தி சுற்ற ஆரம்பித்துவிடும். எண்பதுகளில் எங்கள் ஊர் சவுண்ட் சர்வீஸ்காரர், சைக்கிள் கேரியரில் அஹூஜா ஆம்ப்ளிஃபையரைக் கட்டிக்கொண்டு வருவார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எலக்‌ஷன் எல்லாவற்றுக்கும் அவர்தான். பெட்டியின் முகத்தில் மைக்குக்குத் தனித்தனிக் குமிழ், ரிக்கார்டுக்கு ஒரு குமிழ், டோனுக்கு ஒன்று, மொத்தத்துக்கு ஒன்று. இப்போதுதான் உறைக்கிறது, அதுவே மிக்ஸர்தான்! மிக்ஸரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே டப்பாவில். பாட்டுக் கச்சேரி நடக்கும்போது அவர் வெற்றிலை போடுவார், ஆனால் வலது கை குமிழை விட்டு நகராது. ஊளை கிளம்புவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிடும். குழாய்களை மேடைக்கு முதுகு காட்டித்தான் கட்டுவார். ஜென்சனைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

சரி, பல சத்தங்களை ஒன்றாக்கும் தேவை எங்கே பெரிதாக வந்தது? சினிமாவில். பேசும் படம் வந்த புதிதில் நடிகரே பாடவேண்டும், வாத்தியக்காரர்கள் கேமராவில் படாமல் மறைந்து உட்கார்ந்து வாசிக்கவேண்டும். குரல் மேலே வரவேண்டுமென்றால் ஆளைத்தான் மைக்குக்குக் கிட்டே நகர்த்தவேண்டும். 1935ல் கல்கத்தாவின் 'தூப் சாவோன்' பின்னணிப் பாட்டைக் கொண்டுவந்தது. தமிழில் 1938ல் ஏ.வி.மெய்யப்பன் 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமனைப் பின்னணி பாடவைத்தார். பாட்டைத் தனியாகப் பதிவு செய்யலாம் என்று ஆனபிறகு, அதைக் காதால் நிறுத்துப் பார்த்துக் கலக்கும் ஆளுக்கு மதிப்பு வந்தது.

இதில் நம்ம புனேவுக்கும் பங்கு உண்டு. 1934ல் தமிழில் 'சீதா கல்யாணம்' எடுத்த பிரபாத் கம்பெனி, கோலாப்பூரிலிருந்து 1933ல் புனேவுக்குக் குடிவந்தது. அந்த ஸ்டூடியோ இடத்தில்தான் 1960ல் திரைப்படக் கல்லூரி தொடங்கியது. அங்கே ஒலிப்பதிவு படித்த ரசூல் பூக்குட்டி 2009ல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக வேறு இருவரோடு சேர்ந்து ஆஸ்கர் வாங்கினாரே, அது என்ன பிரிவு தெரியுமா? ஒலிக்கலவை. நம்ம பாஷையில் மிக்ஸிங்.

ஊர் மேடைகளில் இந்தக் கலவையைக் கொண்டுவந்தவை மெல்லிசைக் குழுக்கள். எஸ்.பி.பாலசுப்ரமணியம் அறுபதுகளின் கடைசியில் நடத்திய குழுவில் இளையராஜாவும் அவர் சகோதரர்களும் வாசித்தார்கள். கிடார், ட்ரம்ஸ், ஆர்மோனியம், இரண்டு மூன்று பாடகர்கள் என்று ஆனபிறகு இரண்டு குமிழ் போதுமா? மேல்நாட்டிலும் ராக் குழுக்களுக்கு இதே தலைவலி. இங்கிலாந்தில் 1973ல் தொடங்கிய சவுண்ட்கிராஃப்ட், லாரியில் ஏற்றி இறக்கத் தோதாகப் பயணப்பெட்டிக்குள்ளேயே அமைந்த மிக்ஸரைச் செய்து பெயர் வாங்கியது.

அதே காலத்தில் ஜப்பானில் வேறு மாதிரிக் கூத்து. டோக்கியோவில் ஷிகேய்ச்சி நெகிஷி என்பவர் கார் ஸ்டீரியோ தயாரித்து வந்தார். அவர் பாட்டை ஆபீஸில் யாரோ கிண்டல் செய்ய, 'பின்னணி இசை இருந்தால் நானும் நன்றாகப் பாடுவேனே' என்று யோசித்தார். டேப் டெக்கோடு மைக்கையும் மிக்ஸிங் சர்க்யூட்டையும் இணைக்கச் சொல்லி 1967ல் ஒரு பெட்டி பிறந்தது. (2024ல், நூறு வயதில்தான் காலமானார்.)

கோபே நகரத்து தைசுகே இனோவே கதை இன்னும் ருசி. மதுக்கடைகளில் பாடும் வாடிக்கையாளர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்து வந்தவர். அவருக்கு நோட்ஸ் பார்த்து வாசிக்க வராது, அதனால் பாடுகிறவர் வாயைப் பார்த்தே பின்னால் போவார். தாளம் தப்பினால் இவரும் தப்புவார்! ஒரு கம்பெனி முதலாளிக்கு அந்த வாசிப்பு பிடித்துப்போய், வெளியூர்ப் பயணத்துக்குக் கூப்பிட்டார். இவரால் போகமுடியவில்லை, முதலாளியின் குரலுக்குத் தோதாக வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்தார். அதிலிருந்து வந்த யோசனையில் 1971ல் 11 பெட்டிகள் செய்து வாடகைக்கு விட்டார். காப்புரிமை வாங்கவில்லை. பிலிப்பைன்ஸின் ரொபெர்ட்டோ டெல் ரொசாரியோ தன் பாட்டுப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கி, 1996ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். இனோவேக்குக் கிடைத்தது 2004ல் வேடிக்கையான இக் நோபல் சமாதானப் பரிசு, மனிதர்கள் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்ளப் புதுவழி காட்டியதற்காக. எங்கள் கிளப் ஹவுஸுக்கு ஒரு தடவை வந்தால் அந்தப் பரிசின் நியாயம் புரியும் :-)

விலை எப்படி நம்ம கைக்கு எட்டியது? அமெரிக்காவில் கிரெக் மாக்கி 1988ல் தன் கம்பெனியைத் தொடங்கி, 1991ல் கொண்டுவந்த சிறிய 16 சானல் மிக்ஸர் சின்னக் குழுக்களிடம் பரவியது. ஜெர்மனியில் 1989ல் தொடங்கிய பெஹ்ரிங்கர், பிற்பாடு தயாரிப்பைச் சீனாவுக்குக் கொண்டுபோய் விலையை இன்னும் இறக்கியது. தன் டிசைனைக் காப்பியடித்தார்கள் என்று மாக்கி 1997ல் வழக்குப் போட்டார். பெரியவர்கள் சண்டை. ஆனால் அந்தப் போட்டியில்தான் மிக்ஸர் என்பது நம்மைப்போல் மாதச் சம்பளக்காரர் சங்கம் வாங்கும் பொருளானது.

இவ்வளவையும் படித்தபிறகு என் மண்டைக்கு எட்டியது ஒன்றுதான். அஹூஜா குமிழில் கை வைத்திருந்தவர், ஒலிப்பதிவுக்காரர், இனோவே எல்லோரும் செய்தது ஒரே வேலை: பாடுகிறவரைக் கேட்டுக்கொண்டே இருப்பது. நான் வாங்கின கலர் லைட் பெட்டியில் கேட்கிற ஆளுக்கு இடமே இல்லை. இரண்டு மைக்குக்கும் ஒரே குமிழ். ஒருவர் உரக்கப் பாடினால் மற்றவரும் சேர்ந்து குறைவார். அந்த அம்மா என்ன செய்வார்?

இந்த முறை வாங்கும்போது நான் பார்த்தவை, உங்களுக்கும் உதவலாம்:

1. சானல் கணக்கில் ஏமாறாதீர்கள். யமஹா எம்ஜி10எக்ஸ்யூ 10 சானல், அதில் மைக் 4தான். பெஹ்ரிங்கர் ஸெனிக்ஸ் 802ல் 8 என்றால் மைக் 2. மீதி, ஃபோன், லேப்டாப் மாதிரி ஸ்டீரியோ இணைப்புகளுக்கு. அங்கீகரித்த மூலதனத்துக்கும் செலுத்திய மூலதனத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். எத்தனை மைக் என்று மட்டும் கேளுங்கள். கரோக்கிக்கு 4 தாராளம்.

2. ஒவ்வொரு மைக்குக்கும் தனி கெய்ன், தனி வால்யூம், தனி டோன் இருக்கவேண்டும். மெல்லிய குரலுக்கு கெய்னைக் கூட்டி, பெரிய குரலுக்குக் குறைக்க இது இல்லாமல் முடியாது.

3. எக்கோ உள்ளேயே இருந்தால் நல்லது. ஒவ்வொரு மைக்குக்கும் எவ்வளவு என்று தனியாக வைக்க முடிகிறதா பாருங்கள். நிறையப் போட்டால் எல்லோரும் கிணற்றுக்குள் பாடுவார்கள்.

4. மைக் ஒயர் வைத்ததே மேல். ப்ளூடூத்தில் குரல் ஒரு கணம் பிந்தி வரும், தாளம் தவறும். சாதாரண டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட் பவர் தேவையில்லை.

5. ஸ்பீக்கரில் 'பிஎம்பிஓ' வாட்ஸ் என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் திரும்பிப் பார்க்காதீர்கள். ஃப்ளாட் ரேட் வட்டி மாதிரி கண்துடைப்பு. ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள்.

6. மாற்று அடாப்டர் கிடைக்குமா, ரிப்பேர் யார் செய்வார்கள் என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

எங்களுக்கு ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் வாடகை சொன்னார்கள். வருஷத்துக்கு 12 சனிக்கிழமை, 24,000. சங்கத்தில் ஒதுக்கியது 20,000. சொந்தமாக வாங்குவதே லாபம் என்று கமிட்டியில் பாஸானது. புத்வார் பேட்டில் தப்கீர் கல்லி முழுக்க எலக்ட்ரானிக்ஸ் கடைகள். நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டின் மராத்திச் சித்தப்பா. அங்கே அரைநாள் அலைந்து, நாலு மைக் மிக்ஸர் ஒன்றை எடுத்துக்கொண்டு வாகட் பாலத்து டிராஃபிக்கில் ஊர்ந்து வீடு வந்தேன்.

சித்திரை முதல் தேதி சாயங்காலம் ஸ்பீக்கர் இரண்டையும் பாடுகிறவருக்கு முன்னால் தள்ளி, கூட்டத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். ஒலி மாசு விதிகள் 2000ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான், ராத்திரி பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கியே கூடாது. அதனால் ஆறரைக்கே ஆரம்பித்தோம்.

அந்த அம்மா முதலில் வரமாட்டேன் என்றார். "தப்பு உங்க குரல்ல இல்லம்மா, நான் வாங்கின பெட்டியில. இன்னிக்கு நான் குமிழ் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன்" என்றேன். மகனைப் பார்த்தார். எழுந்து வந்தார்.

முழுப் பாட்டும் பாடினார். நடுவில் ஓரிடத்தில் மூச்சு வாங்கியது, நான் பின்னணி இசையைக் கொஞ்சம் இறக்கினேன். கை குமிழிலேயே இருந்தது. முடித்துவிட்டு மைக்கைத் திருப்பித் தராமல், "இன்னொண்ணு பாடவா தம்பி?" என்று கேட்டார்.

அன்றைக்கு எங்கள் வீட்டு ஆளுக்குப் பாட முறை வரவே இல்லை. தங்கமணிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பி.கு: அந்த மிக்ஸரும் வாங்கிவிட்டேன். அரைக் கிலோ.